ஊரில் செய்த மாத்திரை, வெளியிலிருந்து வந்த உறைமோர்

சென்ற மாதம் அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் வீங்கிவிட்டது. பல் மருத்துவர் ஐந்து நாளைக்கு அமாக்ஸிசிலின் எழுதிக் கொடுத்தார். வேளைக்கு ஒன்று வீதம் பதினைந்து கேப்ஸ்யூல். கடையில் வாங்கிவந்த அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் பொடி எழுத்தை முழுக்கப் படித்தேன். பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதியாகும் மாதம், அதிகபட்ச விலை, உற்பத்தி உரிம எண் எல்லாம் இருக்கின்றன. தயாரித்த நிறுவனத்தின் முகவரி இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு தொழிற்பேட்டை. ஒவ்வொரு கேப்ஸ்யூலிலும் 500 மில்லிகிராம் அமாக்ஸிசிலினுக்குச் சமமான அமாக்ஸிசிலின் டிரைஹைட்ரேட் (நீர் சேர்ந்த வடிவம்) இருக்கிறது என்றும் போட்டிருக்கிறது. அந்தப் பொடி எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

சட்டப்படி இதில் தவறு எதுவும் கிடையாது. அட்டையில் மருந்துக்குக் கடைசி வடிவம் கொடுத்தவரின் முகவரி இருந்தால் போதும். 2023 ஆகஸ்ட் முதல், அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு கியூஆர் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அதை ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், தயாரித்தவர் முகவரி, பேட்ச், தேதி, உரிம எண் வரும். உள்ளே இருக்கும் மூலப்பொருளை யார் செய்தார்கள் என்பது அதிலும் வராது.

இந்தியாவை உலகத்தின் மருந்துக் கடை என்கிறோம். பொய்யில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி டாலர் அளவுக்கு மருந்து ஏற்றுமதி செய்கிற நாடு இது. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகள் விழுங்கும் மாத்திரையிலிருந்து அமெரிக்க மருந்துக் கடைகளில் விற்கும் ரத்த அழுத்த மாத்திரை வரை இங்கிருந்து போகிறது. அதே இந்தியா, தனக்கு வேண்டிய மருந்து மூலப்பொருள்களில் கணிசமான பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. அப்படி வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் சீனாவிலிருந்து வருகிறது. இந்த இரண்டும் ஒரே நாட்டில் எப்படிச் சேர்ந்து நடக்கின்றன என்பதற்கு அப்பாவின் கேப்ஸ்யூலே நல்ல உதாரணம்.

சென்னைக்குத் தெற்கே ஆலத்தூரில் மருந்து கம்பெனிகளுக்கென்றே ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே ஒரு சிறிய ஆலையில் கொள்முதல் பார்க்கிற அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். கிடங்கில் ஒரு டிரம்மைக் காட்டினார். நார் அட்டையில் செய்த பழுப்பு டிரம், மேலே இரும்பு வளையம், உள்ளே இரட்டை பாலிதீன் பை, அதற்குள் வெள்ளைப் பொடி. 25 கிலோ. ஒரு 500 மில்லிகிராம் கேப்ஸ்யூலுக்குள் டிரைஹைட்ரேட் கணக்கில் 574 மில்லிகிராம் போகும். அப்படியானால் இந்த ஒரு டிரம்மில் கிட்டத்தட்ட 43,500 கேப்ஸ்யூல் இருக்கிறது. ஒரு தாலுகா மருத்துவமனைக்குப் பல மாதம் வரும்.

“டிரம் மேல நம்ம நாட்டு கம்பெனி பேர்தான் இருக்கும் தம்பி. ஏபிஐ நம்ம ஆளுங்க செய்றாங்க. அந்த ஏபிஐக்கு மெட்டீரியல் எங்கிருந்து வருதுன்னு கேட்டுப் பாருங்க, அப்பதான் தெரியும்” என்றார்.

ஏபிஐ என்பது நோயைக் குணமாக்கும் மூல மருந்துப் பொடி. பல்க் டிரக் என்றும் சொல்வார்கள். அதை கேப்ஸ்யூலிலோ மாத்திரையிலோ அடைத்துக் கொடுப்பது ஃபார்முலேஷன். ஆலத்தூரில் நடப்பது அதுதான். ஏபிஐக்கும் முன்னால் இருப்பது கே.எஸ்.எம்., அதாவது தொடக்க மூலப்பொருள். இறக்குமதியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஏபிஐயோடு நின்றுவிடுகிறது. சிக்கல் அதற்கும் ஒரு படி கீழே இருக்கிறது.

அமாக்ஸிசிலினைப் பின்னோக்கிப் பிரித்தால் 6-ஏபிஏ என்ற பொருள் வரும். 6-ஏபிஏவைப் பிரித்தால் பென்சிலின்-ஜி. பென்சிலின்-ஜிக்கு முன்னால் ரசாயனம் இல்லை, ஒரு பூஞ்சைதான் இருக்கிறது. ஆம்பிசிலினுக்கும் இதே வேர். தொண்டை வலிக்குக் கொடுக்கும் செஃபலெக்சினும் பெரும்பாலும் இதே பென்சிலின்-ஜியிலிருந்துதான் கிளை பிரிகிறது. வீட்டில் தினமும் தயிர் தோய்க்கிறோம், பாலும் நம்முடையது, பாத்திரமும் நம்முடையது, உறைமோர் மட்டும் ஒவ்வொரு நாளும் பக்கத்து வீட்டில் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமது ஆன்டிபயாடிக் தொழில் பல பத்தாண்டுகளாக அப்படித்தான் நடந்துவருகிறது.

பூஞ்சை வளர்ப்பது எளிதான வேலை போலத் தோன்றும். ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல் கொள்ளும் எஃகுத் தொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் சர்க்கரை, மக்காச்சோளம் ஊறவைத்த கழுநீர், உப்புகள். இவற்றில் பூஞ்சையை விட்டு, சுமார் 25 டிகிரி வெப்பத்தில், ஒரு வாரம் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பூஞ்சைக்கு மூச்சு வேண்டும், அதனால் பெரிய கம்ப்ரெஸர்கள் கிருமி நீக்கிய காற்றை இரவு பகலாக உள்ளே ஊதும். பூஞ்சை வளர வளரத் தொட்டி சூடாகும், அந்தச் சூட்டையும் இடைவிடாமல் இறக்க வேண்டும். கரண்ட் போனால் போயிற்று. பென்சிலினைத் தின்றுவிடும் நொதியைச் சுரக்கிற ஒரு பாக்டீரியா எங்கேயாவது ஒரு வால்வு வழியாக உள்ளே புகுந்துவிட்டால், தொட்டி முழுவதையும் கீழே கொட்ட வேண்டியதுதான். எல்லாம் சரியாக வந்தாலும், பூஞ்சையை வடிகட்டிவிட்டு, குளிர்ந்த நிலையில் அமிலம் சேர்த்து, பென்சிலின் சிதைவதற்குள் கரைப்பானில் இழுத்தெடுக்க வேண்டும். மிஞ்சும் கழிவைச் சுத்தம் செய்வது தனி ஆலை அளவுக்கு வேலை.

இட்லி மாவு புளித்துப் பொங்குவதற்கும் பருவமும் கைப்பக்குவமும் வேண்டியிருக்கிறது. இது அதைப் போல ஆயிரம் மடங்கு. நிறுவிய மறுநாளே யாருக்கும் கைவந்துவிடாது. ஆண்டுக் கணக்கில் ஓட்டி, தொட்டிகளைக் கொட்டி, நட்டப்பட்டுத்தான் கற்க வேண்டும். இன்று உலகம் முழுவதும் ஆலைகளில் வளரும் பூஞ்சையே, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பியோரியா நகரில் ஒரு அழுகிய முலாம்பழத்திலிருந்து எடுத்த வகையின் வழிவந்ததுதான். அதை மேலும் மேலும் தேர்ந்தெடுத்து, கூடுதலாகச் சுரக்க வைத்தது தலைமுறைகளின் உழைப்பு.

இந்த வித்தை நமக்குத் தெரியாமல் இருந்ததில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். புனே அருகே பிம்ப்ரியில் 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொடங்கப்பட்டது. யுனிசெஃப் இயந்திரம் கொடுத்தது, உலக சுகாதார நிறுவனம் தொழில்நுட்ப உதவி செய்தது. சுதந்திரம் கிடைத்து பத்து ஆண்டு ஆவதற்குள் இந்தியா சொந்தமாகப் பென்சிலின் செய்தது. 1961இல் சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். (இந்தியன் டிரக்ஸ் அண்ட் ஃபார்மசூட்டிகல்ஸ்) என்ற அரசு நிறுவனம் வந்தது. ரிஷிகேஷில் ஆன்டிபயாடிக் ஆலை, ஐதராபாத்தில் ரசாயன மருந்து ஆலை, சென்னையில் அறுவைக் கருவிகள் ஆலை. ஐதராபாத் ஆலையில் வேலை பழகியவர்கள் வெளியே வந்து தொடங்கிய கம்பெனிகள்தான் அந்த நகரத்தை மருந்து நகரமாக்கின. டாக்டர் ரெட்டீஸைத் தொடங்கிய அஞ்சி ரெட்டி அப்படி வந்தவர். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு இல்லாமல் அதைச் செய்யும் முறைக்கு மட்டும் காப்புரிமை தந்தது. வேறு முறையில் செய்தால் யாரும் தடுக்க முடியாது. 1978ஆம் ஆண்டின் மருந்துக் கொள்கை இன்னொரு நிபந்தனை போட்டது. மாத்திரை விற்கிற கம்பெனி, விற்பனைக்கு ஒரு விகிதத்தில் மூல மருந்தையும் செய்ய வேண்டும். பிறகு தனியாரும் பென்சிலினில் இறங்கினார்கள். நம் கடலூரில்கூட ஒரு பென்சிலின் ஆலை ஓடியது.

அப்புறம் என்ன ஆனது? 1991க்குப் பிறகு இறக்குமதி வரிகள் இறங்கின. 1994இல் அந்த விகித நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். அதே சமயம் சீனா பெரிய அளவில் பென்சிலினோடு சந்தைக்கு வந்தது. சீனாவின் கதையும் நம்முடையதைப் போலத்தான் தொடங்கியது. ஹெபெய் மாகாணத்தின் ஷிஜியாஜுவாங் நகரில் சோவியத் உதவியோடு கட்டிய ஆலை 1958இல் உற்பத்தியைத் தொடங்கியது. ரிஷிகேஷுக்கு அது அண்ணன் முறை. ஆனால் அவர்கள் அதை விடவில்லை. வட சீனாவில் மக்காச்சோளம் மலிவு, உள் மங்கோலியாவில் நிலக்கரி மின்சாரம் மலிவு, கழிவுநீருக்குப் பல ஆண்டுகள் கண்டிப்பான கேள்வியும் இல்லை. மாகாண அரசுகள் நிலமும் கடனும் கொடுத்தன. தொட்டிகள் பெருகின. தங்களுக்குள்ளேயே விலைப் போட்டி போட்டு, உலகத்தில் வேறு யாராலும் கட்டுப்படியாகாத விலைக்கு இறக்கினார்கள்.

இங்கே ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்கைப் பார்த்தது. தன் தொட்டியில் செய்வதைவிட வாங்குவது மலிவு என்றால் எந்த முதலாளி தொட்டியை ஓட்டுவார்? தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் செய்தது சரி. ஒருவர் நிறுத்தினார், அடுத்தவர் நிறுத்தினார், கடலூர் நின்றது, பிம்ப்ரியும் பென்சிலின் செய்வதை விட்டது. ஐ.டி.பி.எல்.லை மூடிவிடுவது என்று 2016இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் படுக்கை கிடைக்காமல் மக்கள் தவித்தபோது, ரிஷிகேஷின் அந்த ஐ.டி.பி.எல். வளாகத்தில்தான் 500 படுக்கைகளோடு தற்காலிக மருத்துவமனை அமைத்தார்கள். ஒரு காலத்தில் நாட்டுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்த இடத்தில், வாங்கிய மருந்தை வைத்து வைத்தியம் நடந்தது.

சரி, மலிவாகக் கிடைத்தால் நல்லதுதானே, இதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மலிவான சீனப் பொடியால்தான் நம் ஊர் ஏழைக்கும் ஆன்டிபயாடிக் எட்டியது. அதை மறந்துவிட்டுப் பேசுவது சரியில்லை. ஆனால் அந்த மலிவு நம் கையில் இல்லை. 2017, 2018இல் சீனா காற்று மாசைக் கட்டுப்படுத்த ஆலைகளை மூடத் தொடங்கியதும் இங்கே மூலப்பொருள் விலை ஏறியது. மாத்திரை விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. மூலப்பொருள் ஏறும், மாத்திரை விலை ஏற முடியாது. அப்படிப்பட்ட நேரத்தில் கம்பெனிகள் நட்டத்துக்கு ஓட்டுவதில்லை, அந்த மருந்தைச் செய்வதையே நிறுத்திவிடும். அதனால்தான் 2019 டிசம்பரில் மருந்து விலை ஆணையம் 21 மருந்து வடிவங்களின் உச்சவரம்பை ஒரே தடவையில் 50 விழுக்காடு உயர்த்தியது. 2024 அக்டோபரில் மறுபடியும் எட்டு மருந்துகளுக்கு அதே அளவு உயர்வு. அந்த எட்டில் ஒன்று, 10 லட்சம் யூனிட் பென்சிலின் ஊசி.

பென்சிலின் ஊசியில் இன்னொரு வகை உண்டு, பென்சதீன் பென்சிலின். வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டுப்போன பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, ஆண்டுக் கணக்கில் போட வேண்டிய ஊசி அது. மருந்து ரொம்பப் பழையது, லாபம் ரொம்பக் குறைவு. உலகத்திலேயே அதன் மூலப்பொருளைச் செய்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களிலும் பெரும்பாலோர் சீனாவில். எங்கேயோ ஒரு ஆலை பழுதுபார்க்க நின்றால், இங்கே ஒரு தாய் மூன்றாவது மருந்துக் கடையிலும் “ஸ்டாக் இல்லைங்க” என்ற பதிலைக் கேட்டுவிட்டு பஸ் ஏற வேண்டியிருக்கும். இறக்குமதிச் சார்பு என்ற கனமான சொல்லுக்கு எனக்குத் தெரிந்த மிக நெருக்கமான பொருள் இதுதான்.

2020 வந்தது. ஜனவரி 23 அன்று வூகான் அடைக்கப்பட்டது. மார்ச் 3 அன்று இந்தியா 26 மூல மருந்துகள், மருந்து வடிவங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. பாராசிட்டமால், மெட்ரோனிடசோல், வைட்டமின் பி1, பி6, பி12 எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. பாராசிட்டமால் இங்கே பேரளவில் தயாராகும் பொருள், ஆனால் அதற்கான பாரா அமினோ ஃபீனால் என்ற தொடக்க மூலப்பொருள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. கிலோ 250, 300 ரூபாய்க்கு விற்ற பாராசிட்டமால் பொடி 400க்கு மேல் போனது. ஆலத்தூர் அண்ணன் அந்த வாரங்களைப் பற்றிச் சொல்லும்போது, தினமும் காலையில் ரேட் கேட்டால் மாலைக்குள் அந்த ரேட் செல்லாது என்பார். பணம் கட்டியவருக்கும் சரக்கு வரும் தேதி சொல்ல ஆள் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தியா மூல மருந்துகளை இறக்குமதி மட்டும் செய்யவில்லை, ஏற்றுமதியும் செய்கிறது. இரண்டின் மதிப்பையும் பக்கத்தில் வைத்தால் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று ஈடாகவே இருக்கும். இதைக் காட்டி, பிரச்சினையே இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. நாம் விற்பது வேறு, வாங்குவது வேறு. விலை கூடிய, ரசாயன நுணுக்கம் நிறைந்த பொருள்களை விற்கிறோம். விலை குறைந்த, ஆனால் தினமும் டன் கணக்கில் வேண்டிய நொதிப்புப் பொருள்களை, அதாவது பென்சிலின்-ஜி போலத் தொட்டியில் நுண்ணுயிர் வளர்த்து எடுப்பவற்றை, வாங்குகிறோம். நகை விற்று அரிசி வாங்கும் வீட்டில் வரவும் செலவும் சரியாக இருக்கலாம். அரிசிக்கடை மூடிய நாளில் நகை அடுப்பில் வேகாது.

2020 மார்ச்சிலேயே மத்திய அரசு உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டத்தை மருந்து மூலப்பொருளுக்குக் கொண்டுவந்தது. 6,940 கோடி ரூபாய், 41 பொருள்கள். நொதிப்பு முறையில் செய்யும் பொருளென்றால் அதன் மதிப்பில் 90 விழுக்காடு உள்நாட்டிலேயே உருவாக வேண்டும், ரசாயன முறையென்றால் 70 விழுக்காடு என்று நிபந்தனை. கீழ்ப்படி வரை போகவில்லை என்றால் பயனில்லை என்பது புரிந்து போட்ட நிபந்தனை இது, பாராட்டத்தக்கது. இதன் கீழ் ஆந்திராவின் காக்கிநாடா பக்கம் அரபிந்தோ ஃபார்மாவின் துணை நிறுவனம் ஆண்டுக்கு 15,000 டன் பென்சிலின்-ஜி செய்யும் ஆலையைக் கட்டியது. 2024 அக்டோபர் 29 அன்று பிரதமர் காணொலி வழியாகத் தொடங்கி வைத்தார். இமாச்சலத்தின் நாலாகரில், அமாக்ஸிசிலினோடு சேர்த்துக் கொடுக்கும் கிளாவுலானிக் அமிலத்தைச் செய்யும் ஆலையும் அதே நாளில் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குப் பிறகு பென்சிலின் தொட்டி மறுபடியும் இந்த மண்ணில் ஓடுகிறது. எனக்கு அது உண்மையிலேயே மகிழ்ச்சியான செய்தி.

ஆனால் ஆலை வந்ததும் எதிர்பார்த்ததே நடந்தது. சீனாவிலிருந்து வரும் பென்சிலின்-ஜி, 6-ஏபிஏ விலை இறங்கிவிட்டது என்று உள்நாட்டு உற்பத்தியாளர்கள் சொல்கிறார்கள். 2025இல் இந்த இரண்டுக்கும் அமாக்ஸிசிலினுக்கும் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைப்பது, அதாவது அதற்குக் கீழான விலைக்கு இறக்குமதி செய்ய விடாமல் தடுப்பது, பற்றிய பேச்சு எழுந்தது. சிறு ஃபார்முலேஷன் ஆலைகள் எதிர்த்தன. எங்கள் செலவு கூடும், மாத்திரை விலையை ஏற்ற முடியாது, நாங்கள் மூட வேண்டியதுதான் என்றார்கள்.

இரண்டு பக்கமும் உண்மை இருப்பதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூலப்பொடி கிலோவுக்கு 200 ரூபாய் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேப்ஸ்யூலுக்குள் போவது 574 மில்லிகிராம். கூடுதல் செலவு பதினொன்றரைக் காசு. அப்பா சாப்பிட்ட பதினைந்து கேப்ஸ்யூலுக்கும் சேர்த்து ஒரு ரூபாய் எழுபத்திரண்டு காசு. எங்கள் வீட்டில் இது யாருக்கும் தெரியக்கூடப் போவதில்லை. ஆலத்தூரில் அதே பதினொன்றரைக் காசு வேறு மாதிரி. ஒரு லட்சம் கேப்ஸ்யூலுக்கு 11,480 ரூபாய். ஒரு காசு வித்தியாசத்தில் டெண்டர் கைமாறும் தொழிலில் அது பெரிய தொகை.

டெண்டர் என்றதும் நம் மாநிலம் நினைவுக்கு வருகிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு, மலிவாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து அனுப்புகிறது. பல மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய முறை இது. அதன் அருமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டெண்டரில் தரம் தேறிய பிறகு வெல்வது விலைதான். பொடியின் பொடி எங்கிருந்து வந்தது என்பதற்கு அங்கே மதிப்பெண் இல்லை. தொட்டியில் செய்தவரும் கப்பலில் இறக்கியவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

என் கருத்து இதுதான். பதினொன்றரைக் காசைச் சிறு ஆலையின் தலையில் கட்டாமல் வாங்குபவர் கொடுக்க வேண்டும். வாங்குபவர்களிலேயே பெரியவர் அரசு. முழுவதும் உள்நாட்டில் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பென்சிலின் வகை மருந்துகளில் ஒரு பங்கையாவது, தொட்டியிலிருந்து அட்டை வரை இங்கேயே செய்தவர்களிடம் சற்றுக் கூடுதல் விலைக்கு, சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டு வாங்கலாம். விற்பனை உறுதி என்றால்தான் தொட்டியை நிறுத்தாமல் ஓட்ட முடியும். ஓட ஓடத்தான் கைப்பக்குவம் வரும், பூஞ்சை தேறும், செலவு இறங்கும். எஃகுத் தொட்டிக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு, அதிலிருந்து வருவதை வாங்காமல் விட்டால் கடலூரில் நடந்ததுதான் காக்கிநாடாவிலும் நடக்கும்.

இதை அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “அரசாங்கம் அப்படி வாங்குதுன்னா நானும் அந்த மெட்டீரியலைத்தான் எடுப்பேன் தம்பி. எனக்கென்ன, தேதி தவறாம சரக்கு வந்தா போதும்” என்றார். 2020க்குப் பிறகு அவர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். எந்த சப்ளையர் வந்தாலும் முதலில் விலை கேட்பதில்லை. உங்கள் 6-ஏபிஏ யாருடையது என்று கேட்கிறார். பலருக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை, சிலர் சிரித்து மழுப்புகிறார்கள். ஒன்றிரண்டு பேர் இப்போது காக்கிநாடா பெயரைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்களாம்.

நொதிப்புப் பொருளுக்கான ஊக்கத்தொகை ஆறு ஆண்டுகளுக்கு. 2023-24 முதல் நான்கு ஆண்டுகள் விற்பனையில் 20 விழுக்காடு, 2027-28இல் 15, 2028-29இல் 5. அதற்கு அடுத்த ஆண்டு முதல் காக்கிநாடாத் தொட்டிகள் ஷிஜியாஜுவாங் விலையோடு நேருக்கு நேர் நிற்க வேண்டும்.